மூன்றாம் விசை

பிரகலாதன் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த கீபோர்ட்டைக் கண்டதும் றிஸ்கானுக்கு முதலில் வந்தது பொறாமை. இரக்கம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வயர் இல்லாத கீபோர்ட். கருஞ்சாம்பல் நிறம். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியின் தடிப்புக்கு மேல் இராது. ஒவ்வொரு விசையின் நடுவிலும் விரல் நுனி உட்காருவதற்கென்றே மெல்லிய குழிவு. இரண்டு வருடமாக அவன் போனில் படம் பார்த்துப் பார்த்து ஏங்கிய அதே வகை. அப்படிப்பட்ட சாமான், சந்தையில் வாங்கிய மீனைப் போல ஒரு பொலித்தீன் பைக்குள்ளிருந்து வெளியே வந்ததை அவனால் பொறுக்க முடியவில்லை.

"என்ட மனுசி லக்சனாவின்டது," என்றார் பிரகலாதன். "வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வேலையால வர ஆள் இல்லை. போனும் நிப்பாட்டிக் கிடக்கு. பொலிஸில முறைப்பாடு குடுத்தாச்சு. வயசு வந்த ஆள், தானாப் போயிருக்கலாம் எண்டு சொல்லினம். ஆனா இதை விட்டிட்டு அவ தானாப் போகமாட்டா. ஆரோ கொண்டு போயிருக்கினம். அதைக் காட்டத்தான் இதைக் கொண்டந்தனான்."

நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. துறைமுகத்தில் கப்பல் சரக்கு முகவர். உவர்மலையில் சொந்த வீடு. கண்கள் சிவந்திருந்தன.

உட்துறைமுக வீதியில், ஸாலிஹாவின் தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது கமலாதேவியின் துப்பறியும் அலுவலகம். ஐம்பதைத் தாண்டிய கமலாதேவி முன்பு நீதிமன்றத்தில் தமிழ்த் தட்டச்சாளராக இருந்தவர். சாட்சிக் கூண்டில் நின்று பொய் சொன்னவர்களின் வார்த்தைகளை வருடக்கணக்காக அடித்து அடித்து, பொய்யின் நடை அவருக்கு மனப்பாடம். கிண்ணியாக்காரன் றிஸ்கான் இந்த அலுவலகத்துக்குக் கொம்பியூட்டர் திருத்த வந்தவன். திருத்தி முடிந்த பிறகும் போகவில்லை.

"ஒரு கீபோர்ட் அவவுக்கு அவ்வளவு பெரிசோ?" என்று கமலாதேவி கேட்டார்.

"என்னை விடப் பெரிசு." பிரகலாதன் மெல்லச் சிரித்தார். "கொழும்பில ஒரு புத்தகக் கொம்பனிக்கு வீட்டில இருந்தே தமிழ் எழுத்து வேலை செய்யிறவ. வேலை முடிஞ்சா இதைத் துணியால துடைச்சு, உறைக்குள்ள போட்டிட்டுத்தான் தேத்தண்ணிக்கே எழும்புவா. வீட்டில வேற நல்ல கீபோர்ட் ஒண்டு இருந்தது. இது என்னத்துக்கு எண்டு கேட்டனான். இது சத்தம் போடாது எண்டா."

"வீட்டில குழந்தைப்பிள்ளை இருக்குதோ?"

"இல்லை. நாங்கள் ரெண்டு பேரும்தான்."

"எங்கட கீபோர்ட்டை அடிச்சா கீழ ஸாலிஹா ராத்தா தன்ட தையல் மெசின் எண்டு நினைச்சு ஓடிப் போய்ப் பார்ப்பா," என்றான் றிஸ்கான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கமலாதேவி கீபோர்ட்டைத் தூக்கி வெளிச்சத்தில் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உறை எண்டு சொன்னீங்கள். அது எங்க?"

"சாம்பல் கம்பளித் துணி உறை. அதைக் காணேல்ல."

"இது எங்க கிடந்தது?"

"அவவின்ட மேசையிலதான்."

"இதைப் பாவிக்கிறதுக்கு அவவிட்ட என்னென்ன இருந்தது?"

"வீட்டுக் கொம்பியூட்டர். அவவின்ட போன். வேற ஒண்டுமில்லை."

பிரகலாதன் இரண்டு இடங்களைச் சொன்னார். அனுராதபுரச் சந்திக்குப் பக்கத்தில் லக்சனாவின் சிநேகிதி தர்சிகாவின் வீடு. பஸ் நிலையத்தடி லொட்ஜுகள். பிறகு முகம் கழுவ வேண்டும் என்று எழுந்து, வழி கேட்காமலே பின்பக்கம் போனார். திரும்பி வந்து கைகூப்பி விடைபெற்றார். காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"பாவமாத்தான் கிடக்கு," என்றான் றிஸ்கான்.

"றிஸ்கான், நீர் ஒரு பயணத்துக்குப் பையை அடுக்கினா, உறையை மட்டும் உள்ள வச்சிட்டு கீபோர்ட்டை மேசையில விட்டிட்டுப் போவீரோ?"

"உறையை எடுக்க மறப்பன். சாமானை மறக்க மாட்டன்."

"அவ உறையைக் கொண்டு போயிருக்கிறா. அப்பிடியெண்டா சாமான் உள்ளுக்குள்ள இருக்குது எண்டு நினைச்சுத்தான் போயிருக்கிறா. பையை அவ முன்கூட்டியே அடுக்கி எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்க வேணும். பிறகு ஆரோ அதைத் திறந்து, உறையை உள்ளேயே விட்டிட்டு இதை மட்டும் உருவி எடுத்திருக்கினம். இவ்வளவு மெல்லிய சாமான். உடுப்புகளுக்கு நடுவில இது குறைஞ்சது, அவசரத்தில பையைத் தூக்கிற ஆளுக்குத் தெரியாது."

"அந்த வீட்டில ரெண்டு பேர்தானே அக்கா," என்றான் றிஸ்கான்.

"ஓம். ரெண்டு பேர்தான். பையைக் கண்ட மனிசன் சண்டை பிடிக்கேல்ல. அவவுக்கு உயிரான ஒண்டை மட்டும் எடுத்துப்போட்டு, ஒண்டும் நடக்காதது மாதிரி இருந்திருக்கிறார். 'எங்க போனாலும் எனக்குத் தெரியும்' எண்டு சொல்லுறதுக்கு அது ஒரு வழி." கமலாதேவி கீபோர்ட்டை மெல்ல மேசையில் வைத்தார். "ரெண்டே பேர் இருக்கிற வீட்டில ஒரு பொம்பிளை சத்தம் போடாத கீபோர்ட் தேடி வாங்குறா. எவ்வளவு நேரம் அடிக்கிறா, எப்ப நிப்பாட்டுறா எண்டு கதவுக்கு அங்கால ஆரோ காது குடுத்துக்கொண்டு நிண்டிருக்கினம்."

றிஸ்கானுக்குப் பொறாமை எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த அழகான சாமானைத் தொடுவதே இப்போது கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவன் கைதான் அதற்குச் சார்ஜ் வயரைச் செருகியது. சுவிட்ச் போட்டபடியே கிடந்து பற்றரி செத்துப் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் உயிர் வந்ததும், மேல் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று குறியிட்ட சின்ன விசைகளைக் காட்டினான்.

"இதில மூண்டு சாமானை இணைக்கலாம். ஒண்டை அமத்தினா ஒண்டாவது சாமானைத் தேடும். கிட்ட இருந்தா லைட் அசையாம நிற்கும். தூரத்தில இருந்தா மெதுவா மினுங்கும். அந்த விசையில ஒண்டுமே இணைக்கேல்ல எண்டா, படபடவெண்டு வேகமா மினுங்கும்."

ஒன்றை அமத்தினான். மெதுவாக மினுங்கியது. வீட்டுக் கொம்பியூட்டர். இரண்டை அமத்தினான். அதுவும் மெதுவாக. நிறுத்திக் கிடக்கும் போன். மூன்றை அமத்தினான்.

மெதுவாக மினுங்கியது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேற ஒண்டுமில்லை எண்டாரே," என்றான் றிஸ்கான்.

"அவருக்குத் தெரிஞ்சு இல்லை. ஒரு டெப்லெட்டா இருக்கும். ஆம்பிளை கைவைக்காத இடம் ஒவ்வொரு வீட்டிலயும் ஒண்டு ரெண்டு இருக்கு. அரிசி டின், நாப்கின் பெட்டி. அது இப்ப அவவோட இருக்கு."

"பத்து மீற்றருக்குள்ள போனா லைட் நிண்டிடும். மோப்ப நாய் வாங்க வசதியில்லாட்டி இப்பிடித்தான் சமாளிக்க வேணும்." சொல்லிவிட்டு அவனே நிறுத்தினான். "அக்கா, கண்டுபிடிச்சு இவரிட்டயோ குடுக்கப் போறம்?"

"நாங்கள் மாட்டன் எண்டா அவர் வேற ஆளைப் பிடிப்பார். அவருக்கு முதல் நாங்கள் அவவைக் காண வேணும். அவ்வளவுதான்."

படியிறங்கும்போது ஸாலிஹா கடை வாசலில் நின்றாள். வழக்கமாக றிஸ்கானைக் கண்டால் இஞ்சித் தேத்தண்ணியும் ஒரு ஏச்சும் நிச்சயம். இன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ராத்தாக்கு என்னோட என்ன கோவம்?"

"உமக்கே தெரியாட்டி எனக்கெப்பிடித் தெரியும். ஆட்டோவை எடும்."

மச்சானிடம் இரவல் வாங்கிய ஆட்டோவை றிஸ்கான் ஓட்டினான். பின்னால் கமலாதேவி, மடியில் கீபோர்ட், அதன் மேல் விரித்த பத்திரிகை. தர்சிகாவின் வீட்டு மதிலோடு ஒட்டி நிறுத்தி, எஞ்சின் கோளாறு போல நடித்தார்கள். லைட் மெதுவாக மினுங்கிக்கொண்டே இருந்தது. வீட்டைச் சுற்றி மறுபக்க ஒழுங்கைக்குப் போனார்கள். அங்கேயும் அதே மினுக்கம். முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த தர்சிகா அவர்களைக் கவனித்துவிட்டு, "ஆரைத் தேடுறீங்கள்?" என்று கேட்டாள். முகம் அழுது வீங்கியிருந்தது. ஒளித்து வைத்திருப்பவளின் முகமல்ல, தேடிக் களைத்தவளின் முகம்.

பஸ் நிலையத்தடியில், நகரத்துக்குள் திரியும் மான்கள் இரண்டு குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன. றிஸ்கான் கீபோர்ட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அறை வாடகை விசாரிப்பவனாக லொட்ஜ் லொட்ஜாக ஏறி இறங்கினான். நெஞ்சு தட்டையாக, நிமிர்ந்து, இராணுவக்காரன் போல நடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாடியிலும் பொத்தானைக் கழற்றி எட்டிப் பார்த்தான். மினுக்கம் நிற்கவில்லை.

திரும்பி ஆட்டோவுக்கு வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"அக்கா, திரும்பிப் பார்க்காதீங்க. தர்சிகா வீட்டு ஒழுங்கை முனையில மோட்டார் சைக்கிளில ஒரு சிவப்பு ஹெல்மெட் நிண்டது. இப்ப எதிர்க் கடையில தேத்தண்ணி குடிக்குது. அது இஞ்ச வந்து நிற்கிறதுக்கு என்ன நியாயம்?"

கமலாதேவி பத்திரிகையின் நுனியை மடித்து மடித்து விரித்தார்.

"நான் ஒரு மடைச்சி," என்றார் கடைசியில். "காலமை அவர் முகம் கழுவப் போனாரே. என்ட உள்ளறைக் கதவை நான் சாத்தி வச்சனான். அவர் போன பிறகு அது திறந்து கிடந்தது. பூனை எண்டு நினைச்சன். அவர் எங்களை வேலைக்குப் பிடிக்க வரேல்ல, றிஸ்கான். அவவை எங்கட அறைக்குள்ள தேடத்தான் வந்தவர்."

"எங்கட அறையிலயோ? என்னத்துக்கு?"

"அவ வீட்டுக் கொம்பியூட்டரில எங்கட விலாசத்தைத் தேடியிருக்க வேணும். அதை அவர் பார்த்திட்டார். எங்களிட்ட வந்திருப்பா எண்டு நினைச்சார். இல்லை எண்டு கண்டதும், எங்களை ஓடவிட்டுப் பின்னால ஆள் போட்டிருக்கிறார். நாங்கள் கண்டுபிடிச்சிருந்தா இந்நேரம் அவரும் கண்டுபிடிச்சிருப்பார்."

காலை முழுக்கத் தான் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தது என்னவென்று இப்போதுதான் றிஸ்கானுக்கு விளங்கியது. வழி நெடுக அந்த லைட் நிற்க வேண்டும், நிற்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டிருந்தான்.

"திரும்புவம்," என்றார் கமலாதேவி.

அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. துறைமுகப் பக்கமிருந்து காற்றே இல்லை. சிவப்பு ஹெல்மெட் எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தது. கமலாதேவி முன்னால் ஏறினார். பின்னால் படியேறிய றிஸ்கான், சுவிட்சை நிறுத்துவதற்காகக் கீபோர்ட்டைச் சட்டைக்குள்ளிருந்து இழுத்தான்.

நாலாவது படியிலோ ஐந்தாவது படியிலோ, அவன் நின்றுவிட்டான்.

லைட் மினுங்கவில்லை. அசையாமல், வெள்ளையாக நின்றது.

"அக்கா," என்றான். கீபோர்ட்டைத் தூக்கிக் காட்டினான்.

கமலாதேவி ஒரு கணம் பார்த்தார். பிறகு சாதாரணக் குரலில், ரோட்டுக்கும் கேட்கும்படி, "மேல வாரும், பசிக்குது," என்று சொல்லிக்கொண்டே ஏறினார். கதவைச் சாத்திய பிறகுதான் இருவரும் மூச்சு விட்டார்கள்.

மேலே அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. கீழே தையல் கடை. கடைக்குப் பின்னால் துணி வைக்கும் அறை.

"வெள்ளிக்கிழமை நாங்கள் மட்டக்களப்பில," என்றார் கமலாதேவி மெதுவாக. "நேற்று இரவுதான் வந்தனாங்கள். அவ வந்திருக்கிறா. கதவு பூட்டு. படியில இருந்து அழுதிருப்பா. ஸாலிஹா கண்டிருப்பா."

"இண்டைக்குக் காலமை மேல வர நினைச்சிருப்பா," றிஸ்கான் தொடர்ந்தான். "வாசலுக்கு வந்தா, புருசன் எங்கட படியில ஏறுறார். பிறகு கைகூப்பிப் போட்டு இறங்கிப் போறார். அதுதான் ராத்தா முகத்தைத் திருப்பினவ. நாங்க அவவை வித்திட்டம் எண்டு நினைச்சிருக்கிறா. லக்சனாவும் பயத்தில அந்த நேரம் டெப்லெட்டை நிப்பாட்டி வச்சிருப்பா, அதாலதான் காலமை லைட் அசையாம நிற்கேல்ல."

அவன் கதவுப் பக்கம் திரும்பினான். கமலாதேவி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"கடை முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கு. எதிர்ல அவன் இருக்கிறான். நாங்கள் உள்ளே போய்ப் பின்னறையில நுழைஞ்சா, அந்த நிமிசமே பிரகலாதனுக்கு போன் போகும். ஸாலிஹாவுக்குப் போன் எடுத்தாலும் எடுக்கமாட்டா. எடுத்தாலும் நம்பமாட்டா."

"அப்ப என்ன செய்யிறது?"

"கீபோர்ட் என்னத்துக்கு இருக்கு? அடிக்கத்தானே."

கமலாதேவி கதிரையை இழுத்துப் போட்டுக் கீபோர்ட்டுக்கு முன் உட்கார்ந்தார். றிஸ்கானுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. மேலே இருந்து அடித்தால் எழுத்துகள் கீழே லக்சனாவின் டெப்லெட்டில் விழும். ஆனால் இங்கே திரை இல்லை. என்ன விழுகிறது என்று தெரியாது. அவள் பதில் எழுதினாலும் வராது.

"எழுதுற இடம் திறந்து கிடக்காட்டி ஒண்டும் விழாதே அக்கா."

"எழுத்தே தொழிலான பொம்பிளை. அறைக்குள்ள அடைஞ்சு இருக்கிறா. எழுதாம இருக்க ஏலுமா?"

"இந்தக் கீபோர்ட் புருசன்ட கையில இருக்குது எண்டு நினைச்சிருக்கிறவ. எழுத்துத் தானா விழுந்தா அவர்தான் எண்டு பயந்து செத்திடுவா."

"அவர் எண்டு நினைக்க மாட்டா. இதைப் பாரும்." கமலாதேவி கீபோர்ட்டை யன்னல் பக்கம் சரித்தார். வலது சின்ன விரலுக்குக் கீழே வரும் அரைப்புள்ளி விசை மட்டும் எண்ணெய் பூசியது போலப் பளபளத்தது. "இங்கிலீஷ் அடிக்கிற ஆள் இதை எப்பவாவது ஒருக்காத்தான் தொடுவான். பழைய தமிழ்த் தட்டச்சு முறையில மெய்யெழுத்தின்ட புள்ளி இதிலதான் இருக்கு. ஒவ்வொரு வரியிலயும் பத்துத் தரம் விழும். இந்த விசைகளில ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. அவ ஸ்டிக்கர் ஒட்டேல்ல, எல்லாம் விரலில இருக்கு. இந்த முறை தெரியாத மனிசன் இதில அடிச்சா அவவின்ட திரையில கண்டதும் கடியதும்தான் விழும். ஒழுங்கான தமிழ் விழுந்தா, அடிக்கிறது ஆரோ தட்டச்சுப் படிச்ச ஆள் எண்டு அவவுக்கு உடன தெரியும்."

அவர் விரல்களை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். இருபது வருடம் நீதிமன்றத்தில் ஓடிய விரல்கள். விசைகள் அமுங்கி எழுந்தன. சத்தமே இல்லை. றிஸ்கான் அவர் முணுமுணுப்பதைக் கேட்டுத்தான் என்ன அடிக்கிறார் என்று அறிந்துகொண்டான்.

"நான் கமலாதேவி. மேல்மாடியில் இருந்து அடிக்கிறேன். உங்கள் கணவர் இங்கே இல்லை."

லைட் அணைந்தது. பிறகு மெதுவாக மினுங்கத் தொடங்கியது.

"நிப்பாட்டிப் போட்டா," என்றான் றிஸ்கான். கீழே அந்த அறைக்குள் ஒரு பெண் டெப்லெட்டைத் தூர எறிந்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்பதை அவனால் பார்க்க முடிந்தது. "பயப்படுத்திப் போட்டம்."

"அடிச்சது திரையில அப்பிடியேதான் இருக்கும். வாசிக்கட்டும்."

அவர்கள் காத்திருந்தார்கள். கீழே தையல் மெசின் ஓடி நின்றது. மறுபடி ஓடியது. றிஸ்கான் ஒரு பகிடி சொல்ல நினைத்தான், எதுவும் வரவில்லை. பயம் வந்தால்தான் அவனுக்குப் பகிடி அதிகம் வரும் என்று உம்மா சொல்லுவாள். இது அதற்கும் மேலே போன பயம்.

மினுக்கம் நின்றது. லைட் அசையாமல் நின்றது.

கமலாதேவியின் கண்ணோரம் ஈரமாயிற்று. துடைக்கவில்லை, விரல்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. "உங்கள் கணவரின் ஆள் எதிர்க் கடையில் இருக்கிறான். வெளியே வர வேண்டாம். அவர் தேடி வந்தார். நாங்கள் உங்களை விற்கவில்லை. சட்டத்தரணி இன்ஷிராவை எனக்குத் தெரியும். இன்றைக்கே நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். சம்மதம் என்றால் டெப்லெட்டின் இணைப்பை ஒருமுறை நிறுத்தி மறுபடி போடுங்கள்."

லைட் அணைந்தது.

பிறகு அது மறுபடி எரிந்தது.

"சம்மதம்," என்றார் கமலாதேவி.

மிச்சம் றிஸ்கானின் வேலை. லக்சனா நீதவானிடம் போய் வரும் வரை சிவப்பு ஹெல்மெட்டும் பிரகலாதனும் நகரத்தில் இருக்கக் கூடாது. கமலாதேவிக்கு அதில் விருப்பமில்லை.

"அவர் உமக்குக் கைவச்சா?"

"நான் ஓடுவன் அக்கா. கிண்ணியாவில சின்ன வயசில நல்லா ஓடினவன்."

அவன் கீபோர்ட்டைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு நேரே தேநீர்க் கடைக்குப் போனான். சிவப்பு ஹெல்மெட்டுக்கு அடுத்த வாங்கில் உட்கார்ந்து, ஒரு பிளேன்ரீக்குச் சொல்லிவிட்டு, பிரகலாதனுக்குப் போன் எடுத்தான். "ஓம் சேர், கிட்டத்தட்டக் கண்டுபிடிச்சமாதிரித்தான். நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் ஒண்டு. இந்தக் கீபோர்ட்டே காட்டிக் குடுக்குது. அக்காக்கு வெயில் தலையிடி, நான் மட்டும் போறன். நீங்க வாறதெண்டா இப்பவே வாங்க."

ஆட்டோ ஐந்தாம் மைல் கடக்க முன்னமே பிரகலாதனின் கார் அவனை எட்டிப் பிடித்தது. பின்னால் மோட்டார் சைக்கிள்.

ஆட்டோவை நிலாவெளியில் நிறுத்திவிட்டு, கடலை ஒட்டிய ஒழுங்கைகளில் றிஸ்கான் காரின் முன் ஆசனத்தில் உட்கார்ந்து, மூன்றாம் விசையை அமத்தி அமத்தி, "இன்னும் கொஞ்சம் அங்கால," என்று காட்டிக்கொண்டிருந்தான். லைட் மினுங்கியது. வெள்ளைக்காரர்கள் துவாயோடு கடந்து போனார்கள். ஏசி குளிரிலும் அவன் முதுகு நனைந்திருந்தது.

"மூண்டாவது எண்டு ஒண்டு இருந்ததே எனக்குத் தெரியாது," என்றார் பிரகலாதன். குரல் உயரவில்லை. "பாருங்க தம்பி. நான் அவவுக்கு என்ன குறை வச்சனான்? அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறா. முந்தி டக்கு டக்கெண்டு கேட்கும். கேட்டா மனசுக்கு ஆறுதல், வேலைதான் செய்யிறா எண்டு. பிறகு இதை வாங்கினா. ஒரு சத்தமும் இல்லை. ஒரு மனிசனுக்கு அதெப்பிடி இருக்கும்? அவ என்ன செய்யிறா எண்டு தெரியாம கதவுக்கு வெளியில நிற்கிறது?"

அவர் கண் உண்மையிலேயே நிறைந்திருந்தது. அதுதான் றிஸ்கானைக் கலக்கியது. நடிப்பு என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம்.

"வெள்ளிக்கிழமை என்ன நடந்தது சேர்?"

"கதவு. நான் சாத்தினன், அவ கையை வச்சா." பிரகலாதன் கண்ணாடி வழியே முன்னால் பார்த்தார். "ஒரு விபத்து."

இன்னொரு ஒழுங்கை. இன்னொரு மதில். சூரியன் மேற்கே சரியத் தொடங்கியபோது அவன் போன் ஒருமுறை அதிர்ந்தது. கமலாதேவி ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருந்தார்: கிடைச்சிட்டுது.

"காரை நிப்பாட்டுங்க சேர்."

"இங்கேயா?"

"ஓம்." றிஸ்கான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். "அவ இங்க இல்ல. நீதவான் இப்ப இடைக்காலக் கட்டளை போட்டிருக்கிறார். நீங்க அவவுக்குக் கிட்டப் போகவோ, போன் எடுக்கவோ, ஆள் விட்டுப் பார்க்கவோ ஏலாது. கட்டளை உங்கட கைக்கு வரும். அதுக்கு முன்னம் வாயால சொல்லுறன்."

கோபம் வரும் என்று எதிர்பார்த்த றிஸ்கானுக்குப் பிரகலாதனின் முகம் முற்றிலும் வெறுமையாய் இருந்தது இன்னும் பயமாக இருந்தது. பிறகு ஒரு கை நீண்டு கீபோர்ட்டின் மறுமுனையைப் பிடித்தது.

"இதை வச்சிட்டுப் போங்க. என்ட வீட்டுச் சாமான்."

"அவவின்ட சாமான் சேர்."

இருவரும் பிடித்திருந்தார்கள். மெல்லிய உலோகம் வளைவது றிஸ்கானுக்கு விரலில் தெரிந்தது. மோட்டார் சைக்கிள்காரன் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தான். கெஸ்ட் ஹவுஸ் வாசலில் ஒரு குடும்பம் நின்று பார்த்தது. பிரகலாதன் அவர்களைக் கண்டார். கையை எடுத்தார். சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். கார் மணலைக் கிளப்பிக்கொண்டு போனது. சிவப்பு ஹெல்மெட் கொஞ்ச நேரம் யோசித்து நின்றுவிட்டுப் பின்தொடர்ந்தது.

ஆட்டோ எங்கோ நாலு ஒழுங்கைக்கு அப்பால் நின்றது. றிஸ்கான் பாதையோரம் ஒரு தாழம் புதரடியில் குந்திக்கொண்டு, கீபோர்ட்டை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தான். போன் அடித்தது.

"சுகமா இருக்கிறீரோ?" கமலாதேவி.

"இருக்கிறன் அக்கா. அவ?"

"இன்ஷிராவின்ட ஒஃபிஸில இருக்கிறா. வலது கையில ரெண்டு விரலுக்குக் கட்டு. ஸாலிஹா பக்கத்தில இருந்து சோறு தீத்துறா. உம்மோட கதைக்க வேணுமாம். குடுக்கிறன்."

மறுமுனையில், காலையிலிருந்து ஒரு லைட்டாக மட்டுமே அறிந்திருந்த பெண். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தான். கீபோர்ட் பத்திரமா என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தான். இரண்டுக்கும் மனதுக்குள் ஒரு பகிடியைத் தயார் செய்தும் வைத்தான்.

"அவர் போயிட்டாரா?" என்று கேட்டாள் லக்சனா. மிக மெல்லிய குரல்.

"போயிட்டார்."

"மத்தியானம் சாப்பிட்டவரா?"

றிஸ்கானுக்குச் சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை. "ஆர்?"

"அவருக்குச் சீனி வருத்தம் இருக்கு. சாப்பிடாம குளிசை போட்டா கார் ஓடேக்க தலை சுத்தும். ஒருக்கா ரோட்டோரம் விழுந்திட்டார். நான்தான் எல்லாம் எடுத்து வைக்கிறனான். நாலு நாளா ஆர் வச்சிருப்பா..." அவள் நிறுத்தினாள். தான் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கே கேட்டது போல இருந்தது. பிறகு சத்தமில்லாமல் அழுதாள். அழுகிறாள் என்பது, சொல் வராமல் நீண்ட அந்த இடைவெளியால்தான் தெரிந்தது.

பாதையில் காரின் புழுதி இன்னும் அடங்கவில்லை. பிரகலாதன் வாயில் ஒரு பிஸ்கட் போட்டதையும் றிஸ்கான் பகல் முழுக்கக் காணவில்லை.

"ஓம்," என்றான். "சாப்பிட்டவர். என்னோடதான் சாப்பிட்டவர். வயிறு நிறைய."